ஒரே தொடரில் ஏழு கண்மாய், ஏழு குழு: எப்படிச் சேர்வது, பணத்துக்கு எங்கே போவது?

வரத்துக்கால் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இளையான்குடி பக்கம். எங்கள் பகுதியில் மேல் கண்மாய் பெருகி மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். எங்கள் தொடரில் ஏழு கண்மாய், ஏழு ஊர். எல்லா ஊரிலும் ஏதோ ஒரு குழு உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் ஊரில் இளைஞர்கள் சேர்ந்து கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பரப்பில், மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை அகற்றப் பார்க்கிறோம். மேலே உள்ள ஊரில் கண்மாய்ப் பாசனத்தில் பயிர் செய்யும் ஆயக்கட்டு விவசாயிகள் கைக்காசு போட்டு மடை ஷட்டரைச் சரிசெய்தார்கள். இன்னொரு ஊரில் மகளிர் குழு கரை நெடுகப் பனங்கொட்டை ஊன்றியிருக்கிறது. கடைசி ஊரில் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் ஊருணியைச் சுத்தம் செய்து வேலி போட்டிருக்கிறார்கள்.

ஒரு ஊரில் நடப்பது அடுத்த ஊருக்குத் தெரிவதில்லை. ஆனால் பணம் என்று வரும்போது எல்லோரும் அதே பரமக்குடிக் கடைக்காரர்களிடமும் அதே சிங்கப்பூர் வாட்ஸ்அப் குழுவிலும்தான் கேட்கிறோம். கொடுக்கிறவர்கள் இப்போது போனை எடுக்கவே யோசிக்கிறார்கள்.

ஏழு குழுவும் சேர்ந்து ஒரே சங்கமாகப் பதிவு செய்யலாமா, அல்லது தனித்தனியாகவா? கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று செலவிடும் சிஎஸ்ஆர் பணம் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்குமா? ஒருவர் வந்து, திட்ட அறிக்கை எழுதி சிஎஸ்ஆர் வாங்கித் தருகிறேன், முன்பணமும் வருகிற தொகையில் பத்து சதவீதமும் கொடுங்கள் என்கிறார். நம்பலாமா? இன்னொன்று, எங்களுக்குக் கீழே உள்ள ஊரோடு கண்மாய் நிரம்பினால் உபரி நீர் வழியும் கலுங்கின் உயரத்தை வைத்து நெடுநாள் மனஸ்தாபம். அவர்கள் இல்லாமல் மற்ற ஆறு ஊர் மட்டும் சேர்ந்தால் போதுமா?

மடைவாசல் எழுதியது:

தம்பி, நான் மதுரை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய்ச் சங்கங்களோடு பல வருடம் களப்பணியில் இருந்தவன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைப் பொறுத்ததுதான். ஆறு ஊர் போதாது. உங்கள் மறுகால் போகிற ஊரை விட்டுவிட்டு எந்தக் கூட்டமைப்பு போட்டாலும் அது நிற்காது. நீங்கள் கண்மாயைத் தூர்வாரி நிறைய தண்ணீர் தேக்கினால் கீழ் ஊர்க்காரர்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள்? நமக்கு வரவேண்டியதை மறிக்கிறார்கள் என்றுதான். பணம் வந்த பிறகு இந்தச் சண்டை கிளம்பினால் வேலை பாதியில் நின்றுபோகும். அப்படி நின்றுபோன வேலைகளைப் பார்த்திருக்கிறேன்.

கலுங்கு உயரத்தை வாய்வார்த்தையாகப் பேசாதீர்கள். பொதுப்பணித் துறைக் காலத்திலிருந்தே கண்மாய்களுக்கு ‘டேங்க் மெமாயர்’ என்று பழைய பதிவு உண்டு. முழுக்கொள்ளளவு மட்டம், கலுங்கு எந்த மட்டத்தில் இருக்கிறது, மடையின் அடிமட்டம் எவ்வளவு என்று அதில் இருக்கும். நீர்வளத்துறை உதவிப் பொறியாளரிடம் இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். லெவல் எடுத்துப் பார்க்கும்போது இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பக்கத்திலேயே நிற்கட்டும். மேலே மணல்மூட்டை அடுக்கி உயர்த்தியிருந்தால் அது அங்கேயே தெரிந்துவிடும். உயர்த்தவில்லை என்றாலும் அதுவும் எல்லோர் கண்ணெதிரே தெரியட்டும். நான் பார்த்த வரையில், அளவு கையில் இருந்தால் பேச்சு சூடு தணிந்துவிடும்.

சரி, சேர்வது எப்படி. பதிவில் தொடங்காதீர்கள். ஏழு ஊரிலிருந்தும் ஊருக்கு இரண்டு மூன்று பேர், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், மேல் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் தொடங்கி கடைசி ஊருணி வரை நடந்தே போங்கள். பங்குனி, சித்திரையில் போனால் கண்மாய் வறண்டு கிடக்கும், எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எங்கே கால்வாய் தூர்ந்திருக்கிறது, எங்கே வயலோடு சேர்த்து உழுதிருக்கிறார்கள், எந்தப் பாலத்தடியில் குழாய் அடைத்திருக்கிறது என்று ஒரே நோட்டில் எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தையும், நில விவரங்கள் இருக்கும் அ-பதிவேட்டையும் வைத்து சர்வே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் ஆக்கிரமிப்பு பற்றிப் பிறகு பேச வேண்டி வந்தால் அந்த எண்கள்தான் கைகொடுக்கும். ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007இலேயே வந்துவிட்டது. ஆனால் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குள் போகாதீர்கள். முதலில் நடந்து பாருங்கள்.

அந்த நோட்டிலிருந்து எந்த ஒரு ஊருக்கும் மட்டும் சொந்தமில்லாத ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கண்மாய்க்கு நடுவில் ஓடும் மறுகால் ஓடையை எடுத்துக்கொள்ளலாம். அதைச் சுத்தம் செய்தால் மேல் ஊருக்கு வெள்ளம் தேங்காது, கீழ் ஊருக்குத் தண்ணீர் போகும். அதற்கு ஏழு ஊரும் காசு போட வேண்டும். தொகை சிறியதாக இருக்கட்டும். நம் பக்கம் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவது எல்லோருக்கும் பழக்கம்தானே, அதே கணக்கில் கண்மாய்க்கும் ஒரு தலைக்கட்டு வரி. வெளியாரிடம் கேட்கும் முன்பு ஊர்ப்பணம் எவ்வளவு என்பதுதான் கேட்கப்படும் முதல் கேள்வி.

இப்படி நீர்த்தொடரை வைத்துச் சங்கங்களைச் சேர்ப்பது புதிதல்ல. மதுரையில் தானம் அறக்கட்டளை வயலகம் என்ற பெயரில் இதைத்தான் செய்துவருகிறது. கண்மாய்க்கு ஒரு விவசாயிகள் சங்கம், ஒரே தொடரில் உள்ள சங்கங்கள் சேர்ந்து ஓர் அமைப்பு, அதற்குமேல் வட்டார அளவில் கூட்டமைப்பு. சாதியோ கட்சியோ வருவாய் எல்லையோ இல்லாமல் தண்ணீர் போகிற பாதையை வைத்துச் சேர்த்ததுதான் அதில் எனக்குப் பிடித்தது. கஜா புயலுக்கு அப்புறம் 2019இல் பேராவூரணிப் பெரியகுளத்தை அந்தப் பகுதி இளைஞர்களும் விவசாயிகளும் சேர்ந்து தூர்வாரியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கேயும் வேலை கண்ணுக்குத் தெரியத் தெரியத்தான் வெளியூர்ப் பணம் வந்தது. முடிந்தால் நேரில் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

இப்போது பணம். சிஎஸ்ஆர் பின்னால் ஓடுவதற்கு முன் நமக்கு நாமே திட்டத்தைப் பாருங்கள். 1997இல் வந்த திட்டம். இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021இல் மறுபடி பழைய பெயருக்கே வந்தது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். வேலைக்கு 6 லட்சம் மதிப்பீடு என்றால் நீங்கள் திரட்ட வேண்டியது 2 லட்சம். பாதிக்கு மேல் நீங்களே கட்டினால் வேலையை நீங்களே எடுத்துச் செய்யவும் வழி இருக்கிறது. ஏழு ஊர் சேர்ந்தால் இது எட்டாத தொகை இல்லை. கடைக்காரர்களிடம் கேட்கும்போதும், நீங்கள் தருகிற ஒரு ரூபாய் மூன்று ரூபாய் வேலையாகும் என்று சொல்லலாம். அந்தப் பேச்சுக்கு மரியாதை உண்டு.

ஒன்றை மறக்காதீர்கள். கண்மாய் யாருடையது என்று தெரிந்துகொண்டு அந்த அலுவலகத்துக்குப் போங்கள். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு என்றால் ஊராட்சி ஒன்றியம், வட்டார வளர்ச்சி அலுவலர். அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. உங்கள் ஏழில் இரண்டு வகையும் கலந்திருக்கும். ஒரே மனுவை ஒரே மேசையில் வைத்தால் பாதி வேலை அப்படியே கிடக்கும். இரண்டு இடத்திலும் கொடுத்துத் தனித்தனியாக ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

சீமைக்கருவேலம் வெட்டுகிறீர்கள் என்றால் இன்னும் கவனம். பொதுக் கண்மாயில் நிற்கிற மரம் முள்ளானாலும் அது அரசின் சொத்து. ஏலம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். தீர்மானமும் அனுமதியும் இல்லாமல் லாரியில் ஏற்றினால், நல்லது செய்யப்போன பிள்ளைகள் வழக்கில் நிற்பார்கள்.

பேரேடு எழுதியது:

நான் காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சங்கங்கள், டிரஸ்டுகளின் கணக்கு என் மேசைக்கு வரும். மேலே ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன், பதிவு பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

பத்து சதவீதம் கேட்பவருக்கு ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். சிஎஸ்ஆர் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அவர் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று நீங்களே முடிவு செய்யலாம். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவில் வருகிற விஷயம் அது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றை எட்டும் கம்பெனி முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். அந்தப் பணத்தை வெளி அமைப்பு ஒன்றின் மூலம் செலவிட வேண்டுமானால் அந்த அமைப்பு பதிவுபெற்றிருக்க வேண்டும், 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிச்சலுகை) என்ற வருமான வரிப் பதிவுகள் இருக்க வேண்டும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். அதோடு, அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவமும் கேட்பார்கள். நேற்றுப் பதிவு செய்த சங்கத்துக்கு எவ்வளவு அழகான அறிக்கை எழுதினாலும் இதைத் தாண்ட முடியாது. முன்பணம் வாங்கியவர் மட்டும் போய்விடுவார்.

ஆனால் கம்பெனி தானே நேரடியாகவும் செலவு செய்யலாம். உங்கள் கையில் பணம் கொடுக்காமல் பொக்லைன் வாடகையையும் டீசலையும் அவர்களே கட்டலாம். அனுமதிக் கடிதம், ஊராட்சித் தீர்மானம், மதிப்பீடு, வேலைக்கு முன் எடுத்த படங்கள் இவற்றைத் தயாராக வைத்திருப்பது உங்கள் பங்கு. பதிவே இல்லாத குழுக்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்த வழியைத்தான். சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்வதால், உங்கள் மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கும் கம்பெனிகளில் தொடங்குங்கள். சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட ஆலையின் மனிதவள அதிகாரியை ஒரு தடவை கண்மாய்க் கரைக்குக் கூட்டிவருவது பலன் தரும்.

பதிவு என்று வரும்போது ஏழு பதிவு வேண்டாம், ஒன்று போதும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம். ஊருக்கு ஒருவர் என்று பார்த்தாலே கணக்கு சரியாக வருகிறது. சிலர் டிரஸ்ட் போடச் சொல்வார்கள், பதிவு சீக்கிரம் முடியும் என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். டிரஸ்டில் பெரும்பாலும் முதலில் உட்கார்ந்த அறங்காவலர்களே தொடர்ந்து இருப்பார்கள், ஊர்க்காரர்களால் அவர்களை எளிதில் மாற்ற முடியாது. சங்கம் என்றால் பொதுக்குழு, தேர்தல், வருடாவருடம் மாவட்டப் பதிவாளரிடம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்வது என்று எல்லாம் வெளிச்சத்தில் நடக்கும். அந்த வருடாந்திரத் தாக்கலை விட்டுவிட்டால் சில வருடம் கழித்துத் தொல்லை. அதனால் யார் அதைச் செய்வது என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

80ஜி கிடைத்த பிறகு ஒன்றைக் கவனியுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் சலுகையே. ஆகவே 80ஜி ரசீதைக் காட்டினால் எல்லோரும் கொடுப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

சிங்கப்பூர்ப் பணம் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அங்கே வேலை பார்க்கிறவர் இந்தியக் குடிமகனாக, இந்திய பாஸ்போர்ட்டோடு இருந்தால், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வாங்கலாம். ஆனால் அதே ஊரில் பிறந்தவராக இருந்தாலும் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க, வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின்படி அனுமதி வேண்டும். அந்தப் பதிவுக்கு மூன்று வருட இருப்பும் 15 லட்சம் ரூபாய்ச் செலவுக் கணக்கும் கேட்பார்கள். கணக்கும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட ஒரே கிளையில்தான் தொடங்க வேண்டும். வேறு பதிவுபெற்ற அமைப்பின் கணக்கில் வாங்கி உங்களுக்கு மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அதுவும் கூடாது. 2020 திருத்தத்துக்கு அப்புறம் அப்படி மாற்றிக் கொடுக்கத் தடை இருக்கிறது. பாசத்தில் அனுப்பும் பணம்தான், ஆனாலும் வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக கேட்டுவிட்டு வருவதையெல்லாம் வாங்கிப் போடாதீர்கள். யார் எந்த பாஸ்போர்ட் என்று கேட்டு எழுதிவைத்த பிறகு வாங்குங்கள்.

வரத்துக்கால் எழுதியது:

ரொம்ப நன்றி ஐயா, ரொம்ப நன்றி அக்கா. குடியுரிமை விஷயம் எங்களில் யாருக்குமே தெரியாது. சித்தப்பா மகன் உட்பட சிலர் அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டார்கள், இப்போதே குழுவில் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். கண்மாயில் தூர்வாரும் மண்ணை விவசாயிகள் எடுத்துப் போகலாம் என்று சொல்கிறார்களே, அதை வேலைச் செலவைக் குறைக்கப் பயன்படுத்தலாமா? அப்புறம், பதிவு முடியும் வரை தலைக்கட்டு வரிப் பணத்தை எங்கே வைப்பது? என் கூகுள் பேயில் வாங்கச் சொல்கிறார்கள், எனக்கு மனமில்லை.

பனங்கொட்டை எழுதியது:

நான் திருப்புவனம் பக்கம், எங்கள் ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பில் பொறுப்பில் இருக்கிறேன். உங்கள் மனம் சொல்வதுதான் சரி தம்பி. தனி ஆள் எண்ணுக்கு ஊர்ப்பணம் வரக்கூடாது. நாளைக்கு ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டில் உள்ளவர்களுக்கும் தூக்கம் போய்விடும்.

மூன்று பேர் பெயரில், மூன்றும் வேறு வேறு ஊர், வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கி இரண்டு கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்கலாம் என்று வையுங்கள். அந்த மூவரில் ஒருவர் உங்கள் மகளிர் குழுவிலிருந்து வரட்டும். பெருமைக்குச் சொல்லவில்லை, எங்களுக்கு வாரக் கூட்டம், தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு எல்லாம் கைப்பழக்கம். வங்கி மேலாளருக்கும் எங்களைத் தெரியும். இளைஞர் மன்றங்கள் கூட்டம் போடும்போது பெண்களைப் பனங்கொட்டை ஊன்ற மட்டும் கூப்பிடுகிறார்கள், கணக்கு பார்க்கக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டுப் பாருங்கள், ஒரு ரூபாய் தவறாது.

கூட்டத்தை ராத்திரி எட்டு மணிக்கு டீக்கடைப் பக்கம் போடாதீர்கள். பகலில் பள்ளிக்கூட வளாகத்திலோ ஊராட்சிச் சேவை மையத்திலோ போட்டால் நாங்களும் வருவோம். மாத முடிவில் வரவு செலவை ஒரு தாளில் எழுதி ஏழு ஊர் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். கொடுத்தவர் பெயர், தொகை, எதற்குச் செலவானது. அதைப் படம் எடுத்து சிங்கப்பூர் குழுவிலும் போடுங்கள். அடுத்த தடவை நீங்கள் கேட்காமலே பணம் வரும்.

மடைவாசல் எழுதியது:

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. ஆண்கள் மட்டும் நடத்திய சங்கங்கள் பல கணக்குச் சச்சரவில் நின்றுபோயின, பெண்கள் கணக்கு வைத்து நடந்தவை நீண்ட நாள் நடந்தன. நான் கண்ணால் பார்த்தது அது.

வண்டல் மண் பற்றி. விவசாயத்துக்கும் மண்பாண்டம் செய்வதற்கும் கட்டணமில்லாமல் எடுக்கலாம். 2024இல் நடைமுறையை எளிதாக்கி வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தருகிறார்கள். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்று அளவு உண்டு. அனுமதிக்கப்பட்ட கண்மாய்ப் பட்டியலில் உங்கள் கண்மாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மண்ணை விற்கக் கூடாது, செங்கல் சூளைக்குப் போகக் கூடாது. ஆனால் எடுக்கிற விவசாயி வண்டிக் கூலியைத் தானே போட்டுக்கொள்வதால் உங்கள் தூர்வாரும் செலவில் பெரும்பகுதி, அதாவது மண்ணை வெளியேற்றும் செலவு, மிச்சம். ஏழு ஊரிலும் யாருக்கு எவ்வளவு மண் வேண்டும் என்று சேர்த்துக் கணக்கெடுத்து ஒன்றாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கீழ் ஊர்க்காரர்களுக்கு முதலில் மண் கொடுங்கள். உங்கள் உள்வாய் மண் அவர்கள் வயலுக்குப் போனால் கலுங்குப் பேச்சும் தன்னால் இளகும். கரை அடிவாரத்தை ஒட்டி மட்டும் தோண்ட விடாதீர்கள், கரை சரியும். உள்வாயில் ஒரே இடத்தில் பள்ளம் பறிக்காமல் பரவலாக எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வேலை உடனே செய்யலாம். கிராம சபை இப்போது வருடத்தில் ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், உங்களுக்கென்றே அமைந்த நாள். கோடையில் வேலை செய்ய வேண்டுமானால் அன்றைக்கே தீர்மானம் கையில் இருக்க வேண்டும். ஏழு ஊரும் எத்தனை ஊராட்சிகளில் வருகின்றனவோ அத்தனையிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். நகலில் ஊராட்சி முத்திரை வாங்கிவிடுங்கள். ஒரே வாசகத்தில் பல ஊராட்சித் தீர்மானங்கள் சேர்ந்து வந்தால் ஆட்சியர் அலுவலகத்தில் அதைத் தனியாக எடுத்துப் பார்ப்பார்கள்.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியும் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு தொகுதிக்கு 3 கோடி. அதைக் கேட்கும்போதும் ஏழு பேர் ஏழு மனு கொடுக்காதீர்கள். ஒரே மனு, ஏழு ஊர்க் கையெழுத்து, நடந்து பார்த்து எழுதிய நோட்டின் நகல்.

வரத்துக்கால் எழுதியது:

நோட்டு வாங்கிவிட்டோம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை மேல் கண்மாயிலிருந்து நடக்கிறோம். மகளிர் குழுவிலிருந்து இரண்டு அக்கா வருகிறார்கள், கணக்கு நோட்டு அவர்களிடம்தான். கீழ் ஊருக்கு நானும் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். வருகிறோம் என்று சொல்லவில்லை, ஆனால் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். லெவல் எடுக்கும் மனுவில் அவர்கள் பக்கமும் கையெழுத்துப் போட ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். பத்து சதவீதக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஐயா, டேங்க் மெமாயர் நகல் கேட்டு மனு எழுதும்போது கண்மாயின் பெயரோடு வேறு என்ன விவரம் குறிப்பிட வேண்டும்?

மடைவாசல் எழுதியது:

வருவாய்க் கிராமம், வட்டம், கண்மாயின் சர்வே எண், ஆயக்கட்டுப் பரப்பு. உங்கள் கண்மாய்க்கு ஊரில் ஒரு பெயரும் ரெக்கார்டில் ஒரு பெயரும் இருக்கலாம், அதனால் இரண்டையும் எழுதுங்கள். தரவில்லை என்றால் அதே விவரங்களோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.